மைத்ரி கரார் முதல் 11 மாதப் பத்திரம் வரை: இணையர் ஒப்பந்தங்கள் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

2024 ஆகஸ்ட் இறுதியில் மும்பை அமர்வு நீதிமன்றத்தில், பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுக்கு ஆளான ஒருவர் முன்ஜாமீன் பெற்றார். அவர் தரப்பு முன்வைத்த ஆவணங்களுள் ஒன்று, ஏழு நிபந்தனைகள் கொண்ட ‘சேர்ந்து வாழும் ஒப்பந்தம்’. நாளேடுகளில் வெளிவந்த அதன் சாரம் இது: 2024 ஆகஸ்ட் 1 முதல் 2025 ஜூன் 30 வரை இருவரும் ஒன்றாக வாழ்வர், பெண் பாலியல் புகார் எதனையும் தொடுக்கமாட்டார், பிரிய விரும்பினால் ஒரு மாத முன்னறிவிப்புத் தர வேண்டும், பெண் கருவுற்றால் ஆண் பொறுப்பாகமாட்டார். கையெழுத்து தன்னுடையதன்று என அந்தப் பெண் மறுத்தார்.

அவ்வழக்கின் உண்மை பொய் என் ஆய்வுப்பொருளன்று. அந்த ஆவணத்தின் மொழியே என்னை நிறுத்தியது. பதினோரு மாதக் காலம், ஒரு மாத முன்னறிவிப்பு ஆகிய இரண்டும் நகரத்தில் வீடு வாடகைக்கு எடுத்த எவருக்கும் மனப்பாடமானவை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்னும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் விதியைத் தவிர்ப்பதற்காக நாடெங்கும் வேரூன்றிய வழக்கம் அது. உறவை எழுத முற்பட்டவருக்கு, வாடகைப் பத்திரத்தின் சொற்களைத் தவிர வேறு சொற்கள் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று தேடினால், 1872ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டியுள்ளது.

அவ்வாண்டில், ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வைசிராயின் அவையில் சட்ட உறுப்பினராக இருந்த காலத்தில், சில வார இடைவெளியில் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று, பிரம்ம சமாஜத்தாரின், குறிப்பாகக் கேசவ சந்திர சென்னைப் பின்பற்றியோரின் கோரிக்கையால் பிறந்த 3ஆம் எண் சிறப்புத் திருமணச் சட்டம். மற்றொன்று, இன்றளவும் நடைமுறையிலுள்ள இந்திய ஒப்பந்தச் சட்டம். முதலாவது சமயச் சடங்கின்றிப் பதிவாளர் முன் மணம் புரியும் வழியைத் திறந்தது. ஆனால் அவ்வழியே செல்வோர், இந்து, இஸ்லாம், கிறித்தவம் முதலிய சமயங்களுள் எதனையும் பின்பற்றவில்லை என உறுதிமொழி தர வேண்டியிருந்தது. சமயத்தைத் துறந்தவருக்கே ‘ஒப்பந்த’ மணம் என்பது அதன் உட்பொருள்.

இரண்டாவது சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஒழுக்கக்கேடான அல்லது பொதுக் கொள்கைக்கு எதிரான நோக்கமுடைய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அதற்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டுகளுள் ‘கே’ எனக் குறிக்கப்பட்டது கவனிக்கத்தக்கது. ஒரு தாய் தன் மகளை ஒருவனுக்கு வைப்பாக வாடகைக்கு விட ஒப்புகிறாள். அச்செயல் தண்டனைச் சட்டத்தின்கீழ் குற்றமாகாமற்போகலாம். எனினும் ஒப்பந்தம் ஒழுக்கக்கேடானது, ஆகவே செல்லாது. வாடகைக்கு விடுதல் என்னும் சொல் சட்டத்தின் வாசகத்திலேயே உள்ளது. மணத்துக்கு வெளியே அமையும் உறவு பற்றிய ஒப்பந்தத்தைச் சட்டம் கற்பனை செய்தபோது, வாடகையாகவே கற்பனை செய்தது. அக்கற்பனையில் ஒப்பந்தம் செய்பவர்கள் தாயும் ஆடவனும்; மகள் அதில் ஒப்பந்தப் பொருள் மட்டுமே. தன் பொருட்டுத் தானே ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும் பெண் அங்கு இல்லை.

மணத்துக்கு உள்ளே நிலைமை என்ன? கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் இரு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதல் வழக்கு 1871ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வங்காள முஸ்லிம் குடும்பங்களில் ‘காபின்நாமா’ எனும் திருமணப் பத்திரம் எழுதுவது பரவலான வழக்கம். ‘காபின்’ என்பது மஹரைக் குறிக்கும் பாரசீகச் சொல், ‘நாமா’ ஆவணம். மஹர்த் தொகையோடு வேறு நிபந்தனைகளும் அதில் இடம்பெறும். அவ்வழக்கில் கணவன், மனைவியின் சம்மதமின்றி வேறு மணம் புரிந்தால் அவள் தானே மணவிலக்குச் செய்துகொள்ளலாம் என எழுதித் தந்திருந்தான். அவன் மறுமணம் புரிந்தான். அவள் பத்திரம் தந்த உரிமையைப் பயன்படுத்தினாள். நீதிமன்றம் அதனை ஏற்றது. கணவன் தன் மணவிலக்கு உரிமையை மனைவிக்கு ஒப்படைக்கும் ‘தலாக்-இ-தஃப்வீஸ்’ என்னும் கோட்பாடு அவள் பத்திரத்தைத் தாங்கி நின்றது.

இரண்டாவது 1901ஆம் ஆண்டுத் தீர்ப்பு: தேகாயத் மோன் மோகினி ஜெமாதாய் எதிர் பசந்த குமார் சிங். மணத்துக்கு முன் மாப்பிள்ளை, தான் மாமியார் வீட்டிலேயே நிரந்தரமாகத் தங்குவதாகவும், மனைவியைப் பிறந்த வீட்டிலிருந்து அழைத்துச் செல்வதில்லை எனவும் எழுதித் தந்திருந்தார். நம் வழக்கில் சொன்னால், வீட்டோடு மாப்பிள்ளை. சில ஆண்டுகளுக்குப் பின் பூசல் எழ, அவர் வெளியேறி, மனைவி தம்மோடு வந்து வாழ வேண்டும் என வழக்குத் தொடுத்தார். ஒப்பந்தம் இந்துச் சட்டத்துக்கும் பொதுக் கொள்கைக்கும் முரணானது, ஆகவே செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. மனைவியைத் தன் இல்லத்துக்கு அழைக்கும் கணவனின் உரிமை எழுத்தால் விட்டுக்கொடுக்கத்தக்கதன்று என்பது அதன் கருத்து.

ஒரே நீதிமன்றம், முப்பது ஆண்டு இடைவெளி, இரு மனைவியர், இரு பத்திரங்கள். முஸ்லிம் மனைவியின் பத்திரங்கள் அனைத்தும் ஏற்கப்பட்டன என்று இதனால் கொள்ளலாகாது. எதிர்காலப் பிரிவுக்கு முன்கூட்டியே வழிசெய்யும் நிபந்தனைகள் அவர்கள் வழக்குகளிலும் தள்ளப்பட்டதுண்டு. ஆயினும் அங்குக் கேள்வி நிபந்தனையின் நியாயம் பற்றியது. இந்து மணத்திலோ, அது சம்ஸ்காரம் ஆதலால் நிபந்தனை என்னும் கருத்தே அந்நியமாயிற்று. இவ்விரு பத்திரங்களும் கேட்டவை என்ன என்பதை நோக்குங்கள். சக்களத்தி வந்தால் வெளியேறும் வழி. பிறந்த வீட்டின் கூரை. காதலையோ செல்வத்தையோ அவை பேசவில்லை. பெண் தரப்பு அஞ்சியவற்றின் பட்டியல் அவை.

நாட்டின் மேற்குக் கரையில் மூன்றாவது வழி ஒன்று இருந்தது. 1867ஆம் ஆண்டுப் போர்த்துகீசிய உரிமையியல் சட்டம் 1870 முதல் கோவாவிலும் நடைமுறைக்கு வந்தது. 1961க்குப் பின்னும் நீடிக்கிறது. அதன்படி மணமக்கள் திருமணத்துக்கு முன் பொது ஆவணம் ஒன்றின் மூலம் தங்கள் சொத்து முறையைத் தேர்ந்துகொள்ளலாம். மணமான பின் மாற்ற இயலாது. எதையும் எழுதாதவருக்குச் சொத்துகள் இருவருக்கும் பொதுவாகும்; மனைவிக்குப் பாதி உரிமை. இச்சட்டம் ஆணாதிக்கக் கூறுகள் அற்றதன்று. நிர்வாகம் கணவன் கையில்தான். எனினும் ஒரு நுட்பம் இங்கே கற்கத்தக்கது. ஒப்பந்தம் எழுதியவளை மட்டுமன்றி, எழுதும் வலிமை இல்லாதவளையும் அது கணக்கில் கொண்டது.

பிரிட்டிஷ் இந்தியாவிலும் அதன் தொடர்ச்சியிலும் மணமாகாத இணையர் பற்றிய நீதிமன்றச் சிந்தனை வேறொரு விசித்திரமான பாதையில் சென்றது. கடந்துபோன கூட்டு வாழ்வுக்காக ஒருவர் சொத்து எழுதித் தந்தால் அது செல்லும். வரப்போகும் கூட்டு வாழ்வுக்காக எழுதினால் செல்லாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இப்பாகுபாடு தோன்றிவிட்டது. 1967இல் உச்ச நீதிமன்றம், மணமாகாமல் உடன் வாழ்ந்த பெண்ணுக்குத் தரப்பட்ட தானத்தை ஆராய்ந்தபோது, கடந்தகால உறவு அத்தானத்தின் பின்னணி நோக்கமே அன்றிப் பிரதிபலன் ஆகாது. ஆகவே அக்காரணத்தால் அது கெடாது என்றது. எனினும் பிரிக்கப்படாத குடும்பச் சொத்தை ஒரு பங்காளி தானம் செய்ய இயலாது என்பதால் தானம் நிலைக்கவில்லை. முடிந்துபோன ஆண்டுகளுக்குத் தந்தால் நன்றி. வரும் ஆண்டுகளுக்கு வாக்களித்தால் பாவம். நன்றி, தருபவனின் மனத்தைப் பொறுத்தது. வாக்கே பெறுபவளின் கைப்பிடி. சட்டம் முன்னதை அனுமதித்துப் பின்னதை மறுத்தது.

இந்தப் பின்புலத்தில்தான் குஜராத்தின் ‘மைத்ரி கரார்’ விளங்குகிறது.

1946இல் பம்பாய் மாகாணம் இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடை செய்தது. 1949இல் சென்னை மாகாணம் பின்தொடர்ந்தது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. 1965இல் பாவுராவ் சங்கர் லோகண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், இரண்டாம் மணம் உரிய சடங்குகளோடு நிகழ்ந்திருந்தால்தான் இருதாரக் குற்றம் ஆகும் என்று விளக்கியது. சடங்கு இல்லையேல் மணம் இல்லை. மணம் இல்லையேல் குற்றமும் இல்லை. மணமான ஆடவனுக்கு இத்தீர்ப்பு ஒரு வாயிலைக் காட்டியது.

அவ்வாயிலுக்குக் குஜராத்தில் கிடைத்த பெயர் மைத்ரி கரார், அதாவது நட்பு ஒப்பந்தம். 1970களிலும் 80களிலும் பெரிதும் பேசப்பட்ட இவ்வழக்கத்தில், ஏற்கெனவே மணமான ஆடவனும் மணமாகாத பெண்ணும், நண்பர்களாகச் சேர்ந்து வாழவும் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளவும் ஒப்புவதாக முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டனர். தாலி இல்லை, அக்கினி இல்லை, ஏழடி இல்லை. ஆகவே குற்றமும் இல்லை.

சொல்லை ஆராய்வது என் பழக்கமாதலால் ஒரு குறிப்பு. ‘மைத்ரி’ வடமொழி. ‘கரார்’ அரபு மூலம் கொண்டது. நிலைபெறுதல், உறுதி என்னும் பொருளிலிருந்து ஒப்பந்தம் என்னும் பொருளைப் பெற்றுப் பாரசீகத்தின் வழியே இந்திய மொழிகளில் பரவியது. தமிழிலும் ‘கரார்நாமா’ ஒரு காலத்தில் ஆவண வழக்கில் இருந்தது. இன்று அச்சொல் நம்மிடம் ‘கறார்’ ஆக, விட்டுக்கொடுக்காத கண்டிப்பைக் குறிக்கிறது. ‘கறாராகப் பேசிவிட்டான்’ என்கிறோம். நட்பு என்னும் நெகிழ்வான சொல்லோடு கண்டிப்பின் சொல்லைப் பிணைத்த இத்தொடர், ஒப்பமிட்ட பெண்ணுக்கு எத்தகைய உறுதியைத் தந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அரசு முத்திரை, இரு கையெழுத்து, சாட்சிகள். பெரும்பாலோர்க்கு இவையே சட்டம்.

ஆனால் சட்டத்தின் பார்வையில் அத்தாள் வெறுமையானது. எதிர்காலக் கூட்டு வாழ்வுக்கான ஒப்பந்தம் ஆதலால் 23ஆம் பிரிவு அதனை விழுங்கிவிடும். அவள் மனைவியும் அல்லள். 1988இல் யமுனாபாய் வழக்கில், முதல் மணம் நிலைத்திருக்கும்போது சடங்கோடு இரண்டாவதாக மணந்த பெண்கூடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கோரும் ‘மனைவி’ ஆகமாட்டாள் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சடங்கும் இல்லாத நட்புக்காரிக்கு என்ன எஞ்சும்? கைவிட்டுச் செல்லப்பட்ட முதல் மனைவிக்கோ, குற்றம் என்று சுட்டிக்காட்ட ஒரு திருமணம்கூட இல்லை. மகளிர் அமைப்புகள் இவ்வழக்கத்தை எதிர்த்தமைக்குக் காரணம் ஒழுக்கவியல் மட்டுமன்று. ஒரே தாள் இரு பெண்களையும் ஒருசேர உரிமையற்றவர்களாக்கியது.

இங்கே நான் வந்தடையும் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். செல்லாத ஒப்பந்தம் இரு தரப்புக்கும் சமமாகச் செல்லாதது என்று நாம் எண்ணுகிறோம். அது பிழை. நலிந்தவருக்குப் பத்திரம் நிறைவேற்றப்பட வேண்டும். நீதிமன்றம் அதனை ஏற்று ஆணையிட்டால்தான் அதற்கு மதிப்பு. வலியவருக்குப் பத்திரம் இருந்தாலே போதும். அவர் எதையும் கோரி நீதிமன்றம் செல்வதில்லை; தம் மீது புகார் வரும் நாளில் ‘அவள் விரும்பித்தான் வந்தாள்’ என்று காட்ட ஒரு தாள் கையிலிருந்தால் போதும். அதனால்தான் மாமியார் வீட்டிலேயே தங்குவேன் என்ற 1901ஆம் ஆண்டுப் பத்திரம் நீதிமன்றத்தில் மடிந்தது. செல்லாது என்று எல்லா வழக்கறிஞரும் அறிந்த பிறகும் மைத்ரி கரார் எழுதப்பட்டது. இணையர் ஒப்பந்தங்களைச் சட்டம் ஒட்டுமொத்தமாகப் புறந்தள்ளியபோது அவை ஒழிந்துபோகவில்லை. அவற்றுள் காக்கும் வகை மட்டும் உதிர்ந்து, கேடயமாகும் வகை தங்கிவிட்டது.

ஒப்பந்தம் என்ற சொல்லையே விடுதலையின் சொல்லாக ஏந்திய ஓர் இயக்கத்தை இவ்விடத்தில் நினைக்காமல் செல்ல இயலாது. பெரியாரின் சுயமரியாதை இயக்கம் 1928 முதல் நடத்திய புரோகிதர் அற்ற மணங்கள் ‘வாழ்க்கைத் துணை ஒப்பந்தம்’ என்று அழைக்கப்பட்டன. கன்னிகாதானம் என்பதில் தருபவர் தந்தை, பெறுபவர் மாப்பிள்ளை, பெண் தானப்பொருள். ஒப்பந்தம் என்றவுடன் பேசுவோர் இருவராகிவிடுகின்றனர். 1872ஆம் ஆண்டுச் சட்ட எடுத்துக்காட்டில் ஒப்பந்தப் பொருளாக மட்டும் நின்ற மகள், இங்கு ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாகிறாள். ஓர் இலக்கண மாற்றத்தின் வழியே நிகழ்ந்த அரசியல் மாற்றம் அது.

1953இல் சென்னை உயர் நீதிமன்றம், தெய்வானை ஆச்சி வழக்கில், இத்தகைய மணம் சடங்கின்மையால் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அண்ணா முதலமைச்சரான 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, முன்னர் நடந்தவற்றையும் சேர்த்து அம்மணங்கள் சட்டத்தகுதி பெற்றன. உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்தால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். அல்லது தாலி கட்டினாலும் சரி. ‘புரிந்த மொழி’ என்னும் சொல் சட்டத்தில் இடம்பெற்றது ஒரு மொழியியல் மாணவிக்கு மகிழ்ச்சி தருவதே. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் ஏற்றது ஏற்புரையை; நிபந்தனைகளை அன்று. மணம் செல்லும் எனில் மனைவி என்னும் தகுதியும் அதன் உரிமைகளும் வந்துசேரும். அதற்கு மேல் இருவர் தமக்குள் என்ன பேசி எழுதினாலும் நிலை 1901இன் நிழலிலேயே நிற்கிறது. வடிவம் வென்றது, வாசகம் எழுதப்படாமலே இருக்கிறது.

இந்நூற்றாண்டில் பத்திரத்தின்றியே பாதுகாப்பு என்னும் வழியைச் சட்டம் முயன்றது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ‘திருமணத்தின் தன்மையிலான உறவு’ என்னும் தொடரைக் கொண்டுவந்தது. 2010இல் குஷ்பு வழக்கில், வயது வந்தோர் மணமின்றிச் சேர்ந்து வாழ்வது குற்றமன்று என உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில், கோயம்புத்தூர்க் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய வேலுசாமி வழக்கின் தீர்ப்பு, அத்தொடருக்கு நான்கு நிபந்தனைகளை வகுத்தது: சமூகத்தின் முன் தம்பதியர் போலத் தோன்றுதல், உரிய வயது, இருவரும் மணம் புரியத் தகுதியுடைமை, கணிசமான காலம் விரும்பி உடன் வாழ்தல். பொருளுதவி தந்து பாலியல் உறவுக்காக வைத்திருக்கும் பெண்ணைக் குறிக்க ‘கீப்’ என்ற ஆங்கிலச் சொல்லை அத்தீர்ப்பு ஆண்டது. அப்போது கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் நீதிமன்றத்திலேயே அச்சொல்லை எதிர்த்தார். ‘வைப்பு’ என்று நாம் சொல்வதும் அதே இலக்கணம்தான்: வைத்திருப்பவன் எழுவாய், வைக்கப்பட்டவள் செயப்படுபொருள்.

அந்நான்கனுள் மூன்றாவது நிபந்தனை மைத்ரி கராரின் பெண்ணை மீண்டும் வெளியே நிறுத்துகிறது. 2013இல் இந்திரா சர்மா வழக்கில் அது தெளிவாயிற்று. ஆடவன் மணமானவன் என்று அறிந்தே பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த பெண்ணுக்கு அச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்ற நீதிமன்றம், இவ்வாறு கைவிடப்படும் ஏழைப் பெண்களின் நிலையை எண்ணி நாடாளுமன்றம் உரிய சட்டம் இயற்ற வேண்டும் என்றும் வேண்டியது. முதல் மனைவியின் உரிமையைக் காப்பதற்கான எல்லைக்கோடு அது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரு மணவாழ்வையும் நடத்திய ஆடவன் அக்கோட்டால் எதையும் இழக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2025 ஜனவரி 27 அன்று நடைமுறைக்கு வந்த உத்தராகண்டின் பொது உரிமையியல் சட்டம் காட்சியைத் தலைகீழாக்கியது. இதுவரை இணையர் பத்திரம் நீட்டினர், அரசு மறுத்தது. இப்போது அரசு பத்திரம் கேட்கிறது. சேர்ந்து வாழ்வோர் ஒரு மாதத்துக்குள் பதிய வேண்டும். தவறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விவரம் காவல் நிலையத்துக்குச் செல்லும். இருவருள் ஒருவர் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவராயின் பெற்றோருக்கும் அறிவிக்கப்படும். கைவிடப்பட்ட பெண்ணுக்கு ஜீவனாம்சமும் குழந்தைகளுக்குச் சட்டத்தகுதியும் அதே சட்டத்தில் உள்ளன. அவற்றைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் சாதி கடந்தோ மதம் கடந்தோ வீட்டை விட்டு வந்த இருவருக்கு, காவல் நிலையத்துக்கும் பெற்றோருக்கும் செல்லும் ஒரு தாள் என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. இங்கும் ஒரு படிவம்தான் இருக்கிறது. இருவர் தம் சொற்களில் தம் நிபந்தனைகளை எழுதும் இடம் அதில் இல்லை.

ஆக, 150 ஆண்டுகளில் நாம் கண்டவை: மனைவியின் நிபந்தனை செல்லாது, மணமாகாதவளின் நிபந்தனை ஒழுக்கக்கேடு, அறிவிப்பு செல்லும், வாசகம் வேண்டாம், பதிவு கட்டாயம், பேச்சு தேவையில்லை. இந்தத் தொடர்ச்சியின் முடிவில் அந்த மும்பை ஆவணத்தை வைத்துப் பார்த்தால், அதன் வாடகை மொழி வியப்பளிப்பதில்லை. உறவில் யார் எதற்குப் பொறுப்பு, பிரிந்தால் குழந்தைக்கு யார், உழைப்புக்குப் பங்கு என்ன என்று பேசும் சட்டத்தமிழோ, சட்ட மராத்தியோ, சட்ட குஜராத்தியோ வளர நாம் இடம் தரவில்லை. இடம் தராத வெளியில் வீட்டுத் தரகரின் மொழி வந்து குடியேறியிருக்கிறது.

திருமணத்துக்கு முந்தைய ஒப்பந்தங்களைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்ற குரல் நகரங்களில் வலுத்துவருகிறது. அதனை நான் எதிர்க்கவில்லை. ஆனால் வரலாறு சொல்லும் எச்சரிக்கை ஒன்றுண்டு. முதலில் எழுதாதவளுக்குச் சட்டம் என்ன தருகிறது என்பதை உறுதிசெய்ய வேண்டும். கோவாவின் பாதிப் பங்கு போன்ற ஓர் அடித்தளம் வேண்டும். அதற்கு மேல்தான் எழுதுபவர் எழுதட்டும். அடித்தளமின்றி ஒப்பந்தச் சுதந்திரம் மட்டும் தந்தால், பேனா யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அது சுதந்திரம்.

காபின்நாமாக்களும் மைத்ரி கரார்களும் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் குடும்பப் பெட்டிகளிலும் இன்னும் எங்கோ இருக்கும். தீர்ப்புகளில் மேற்கோளாக வந்த சில வரிகளை வைத்தே நாம் இவ்வளவும் பேசுகிறோம். சட்டம், வரலாறு, மொழியியல் பயிலும் மாணவர் எவரேனும் தம் ஊரில், தம் மொழியில் இத்தகைய பத்திரங்களைத் தேடத் தொடங்கினால், நீதிபதிகளின் சொற்களுக்குப் பின்னால் மறைந்துபோன அந்தப் பெண்களின் நிபந்தனைகளை முதன்முறையாக முழுமையாக வாசிக்கலாம்.